தண்ணீரால் எழுதும் வண்டியும் நான் மந்தாரின் கற்ற கதையும்: சேலத்தில் ஒன்று செய்து பார்க்கலாமா?

அம்மாப்பேட்டைத் தறி

எல்லோருக்கும் வணக்கம். நான் நாலு வருடம் பெய்ஜிங்கில் இருந்தேன். முதல் வருடம் முழுக்க மந்தாரின், அதாவது சீனாவின் பொதுமொழி வகுப்பு, அப்புறம் நெசவு இயந்திரம் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகிறது. அங்கே பார்த்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அதை இங்கே செய்ய முடியுமா என்று கேட்கத்தான் இந்த இழை.

பெய்ஜிங் பூங்காக்களில் விடிந்ததும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒரு வாளித் தண்ணீரும் இடுப்பு உயரத் தூரிகையுமாக வந்துவிடுவார்கள். தரையில் பாவிய கல்லின் மேல் வெறும் தண்ணீரால் எழுதுவார்கள். ‘திஷு’ என்று பெயர், தரை எழுத்து என்று பொருள். 1990களில் இருந்து பூங்காக்களில் பரவிய பழக்கம் இது. தூரிகையைப் பலர் தாங்களே செய்துகொள்வார்கள். ஸ்பாஞ்சைத் தாமரை மொட்டு மாதிரி கூராக வெட்டி, ஒரு குழாயின் நுனியில் செருகிக் கட்டினால் முடிந்தது. மேலிருந்து கீழாக எழுதுவதால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அடி பின்னால் வைத்துக்கொண்டே போவார்கள். வரிசையின் கடைசிக்கு வரும்போது முதல் எழுத்து காய ஆரம்பித்திருக்கும்.

இதைப் பார்த்துத்தான் பெய்ஜிங்கில் வசித்த நிக்கோலஸ் ஹன்னா என்ற கனடாக் கலைஞர் ஒரு வண்டி செய்தார். 2011இல் பெய்ஜிங் டிசைன் வீக்கில் அது தெருவுக்கு வந்தது. அங்கே சரக்கு ஏற்றுகிற சாதாரண மூன்று சக்கர சைக்கிள்தான். அதில் தண்ணீர்த் தொட்டி, கணினி, பின்பக்கம் குறுக்கே வரிசையாகச் சின்ன வால்வுகள். கணினியில் ஒரு வாசகம் கொடுத்தால் அது புள்ளிகளாகப் பிரியும். வண்டி மெதுவாக நகர, எந்த இடத்தில் புள்ளி வேண்டுமோ அங்கே வால்வு திறந்து ஒரு சொட்டு விழும். திரும்பிப் பார்த்தால் சாலையில் சீன எழுத்து. நான் போவதற்கு முந்தைய காலம் அது, வீடியோவில்தான் பார்த்தேன். ஆனால் திஷு எழுதும் தாத்தாக்கள் பக்கத்தில் இரண்டு வருடம் தினமும் நின்றிருக்கிறேன். மந்தாரின் எழுத எனக்கு வந்ததே அவர்களால்தான்.

அந்த மாதிரி ஒரு வண்டி தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்? நம் ஊரில் யாராவது கை கொடுப்பீர்களா?

குகைவாசி

அம்மாடி, படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. எனக்குச் சேலம் குகைப் பகுதியில் சின்னப் பட்டறை. ஆடி மாதம் வண்டி வேடிக்கை வந்துவிட்டால் தூக்கம் கிடையாது. சாமி வேஷம் கட்டியவர்களை உட்கார வைக்க வண்டியில் தட்டு கட்டுவது, விளக்குக்கு வயர் இழுப்பது எல்லாம் நாங்கள்தான். வண்டியைக் கொண்டு தெருவை அலங்கரிப்பது நமக்குப் புதிதில்லை.

இன்னொன்று. இந்த யந்திரத்தின் சின்னத் தங்கச்சி நம் வீட்டிலேயே இருக்கிறது. கோலக் குழாயைத்தான் சொல்கிறேன். பிளாஸ்டிக் குழாயில் ஓட்டை போட்டு, உள்ளே கோலமாவை நிரப்பி, வாசலில் உருட்டினால் கொடியும் பூவுமாக விழுகிறதே, அதேதான். என்ன, குழாயில் ஒரே கோலம்தான் வரும். நீங்கள் சொல்லும் வண்டியில் ஓட்டையே தேவைப்பட்ட நேரத்தில் திறந்து மூடுகிறது. சைக்கிளும் சட்டமும் என் பொறுப்பு. வால்வுக்கு விவரம் தெரிந்தவர் வேண்டும்.

சூரமங்கலம் தாய்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். வண்டி பற்றி எனக்குத் தெரியாது. என் மகன் வரும் செப்டம்பரில் மருத்துவம் படிக்கச் சீனா போகிறான். எல்லாம் ஆங்கிலத்தில்தான், மொழி தேவையே இல்லை என்று அனுப்புகிற முகவர் சொல்கிறார். உண்மையா? நீங்கள் தனியாக எப்படிச் சமாளித்தீர்கள்?

அம்மாப்பேட்டைத் தறி

அம்மா, கேட்டதே நல்லதாகப் போயிற்று. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் நோயாளி ஆங்கிலத்தில் வயிறு வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் முன் எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் நாலாம் நிலை முடித்திருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. பழைய பாடத்திட்டக் கணக்கில் அது 1200 சொற்கள். நடக்காத காரியம் இல்லை, ஆனால் கடைசி வருடத்தில் அள்ளிப் போட்டுக்கொள்ளவும் முடியாது. முதல் நாளில் இருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் சுலபம். அங்கே அண்ணனுக்கு ‘கெகெ’, தம்பிக்கு ‘திதி’, அக்காவுக்கு ‘ஜியேஜியே’, தங்கைக்கு ‘மெய்மெய்’. அப்பாவின் அண்ணன் ‘போபோ’, தம்பி ‘ஷூஷு’, அம்மாவின் அண்ணன் தம்பி ‘ஜியூஜியு’. என்னோடு படித்த ஐரோப்பியப் பெண் இந்த ஒரு பாடத்தை ஒரு வாரம் அழுதுகொண்டே படித்தாள். நான் ஒரு மணி நேரத்தில் முடித்தேன். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாம் பிறந்ததில் இருந்து பிரித்துத்தானே கூப்பிடுகிறோம். முன்பின் தெரியாத பெரியவரையும் உறவு சொல்லித்தான் அழைக்க வேண்டும். பார்த்ததும் ‘ச்ஷி ல மா?’ என்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம்! கேள்வி கேட்க வாக்கியத்தின் கடைசியில் ‘மா’ சேர்த்தால் போதும், நாம் ‘ஆ’ சேர்ப்பது போல. முதல் வாரத்தில் அதைக் கேட்டபோது எனக்கு வீட்டு வாசலில் நிற்பது மாதிரியே இருந்தது.

கஷ்டம் எங்கே என்றால் நாம் எதிர்பார்க்காத இடத்தில். சுரம் நாலு என்று பயமுறுத்துவார்கள். அது உண்மைதான், ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி வளைத்துச் சொன்னால் வாங்குவது, வெட்டி இறக்கினால் விற்பது. ஆனால் அது காதுக்குப் பழகிவிடும். நமக்கு உண்மையான தொல்லை மூச்சு. ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்பதற்கும் ‘முயல் ஓடிவிட்டது’ என்பதற்கும் தமிழில் எழுதினால் ஒரே எழுத்துதான்: ‘தூட்ஸ பாவ் ல’. சுரமும் ஒன்றே. ‘தூ’விலும் ‘பா’விலும் காற்றை ஊதினால் முயல், ஊதாவிட்டால் வயிறு. தமிழில் இந்த வேறுபாட்டுக்கு வேலையே இல்லாததால் நம் வாய்க்கும் காதுக்கும் அது எட்டாது. என் ஆசிரியை உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்துச் சொல்ல வைத்தார். முயலுக்குக் காகிதம் ஆட வேண்டும், வயிற்றுக்கு ஆடக் கூடாது. இரண்டு மாதம் தினமும் காலையில் காகிதமும் கையுமாக நின்றேன். உங்கள் மகனுக்கு இதை இப்போதே பழக்கிவிடுங்கள், செலவே இல்லை.

ஆத்தூர் டு ஷின்ச்சு

அக்கா, நான் தைவானில் ஷின்ச்சு நகரில் ஆராய்ச்சி மாணவன். சொந்த ஊர் ஆத்தூர். மூச்சு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நமக்கு ஒரு வரமும் இருக்கிறது. மனிதன் என்பதற்கு ‘ரென்’ என்று புத்தகத்தில் போட்டிருக்கும். உண்மையில் அந்த ஒலி நம் ழகரத்துக்கு ரொம்பப் பக்கம். ‘ழென்’ என்று சொல்லிப் பாருங்கள், ஆசிரியர் நிமிர்ந்து பார்ப்பார். வகுப்பில் மற்ற நாட்டுக்காரர்கள் நாக்கை மடிக்கத் திணறியபோது எனக்கு முதல் நாளே வந்தது.

இங்கே பழைய எழுத்து முறை. குதிரைக்குச் சீனாவில் மூன்று கோடு போதும், தைவானில் பத்துக் கோடு. அதற்குப் பதிலாக உச்சரிப்புக்கு 37 குறிகள் வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் அதில்தான் தொடங்குகிறார்கள். ஒலிக்கு ஒரு குறி என்பதால் தமிழ் படித்தவனுக்கு ஆங்கில எழுத்தில் எழுதுவதை விட அதுவே வசதி.

எழுதுவதுதான் எனக்கு இன்னும் வரவில்லை. கைப்பேசியில் உச்சரிப்பைத் தட்டினால் எழுத்து வந்து நிற்கிறது, தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுகிறேன். பேனாவைப் பிடித்தால் கை நின்றுபோகிறது. தாத்தாக்களிடம் எப்படிக் கற்றீர்கள்? அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டைத் தறி

தம்பி, அந்த மறதி சீனர்களுக்கே இருக்கிறது. பேனா எடுத்தால் எழுத்து மறக்கிறது என்று அதற்கு ஒரு சொலவடையே வைத்திருக்கிறார்கள். நீ கவலைப்படாதே.

என் கதையைச் சொல்கிறேன். முதல் நாலு மாதம் நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். தப்பு வந்தால் கிழித்துவிடுவேன். நோட்டு மெலிந்ததே தவிர, எழுத்து மனதில் ஏறவில்லை. ஒரு நாள் பூங்காவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தாத்தா தூரிகையை என் பக்கம் நீட்டினார். தயங்கினேன். ஏதாவது தப்பாக எழுதிவிட்டால் என்று தெரிந்த அரைகுறைச் சீனத்தில் சொன்னேன். அவர் தரையைக் காட்டினார். ஐந்து நிமிடத்துக்கு முன் அவர் எழுதிய இடம் வெறும் கல்லாக இருந்தது.

அன்றைக்கு எழுதியது ‘ஷ்வெய்’, தண்ணீர். நாலே கோடு. நான் இடப்பக்கத்தில் தொடங்கினேன். அவர் தூரிகையின் காம்பைப் பிடித்து நிறுத்தினார். நடுக்கோடு முதலில், மேலிருந்து இறக்கி அடியில் சின்னக் கொக்கி. அப்புறம் இடப்பக்கம். அதற்குப் பிறகுதான் வலப்பக்கம், இரண்டு கோடு. கொக்கி போடும் இடத்தில் ஸ்பாஞ்சை ஒரு கணம் அழுத்தி நிறுத்தி, நுனியை மட்டும் மேலே எடுக்க வேண்டும். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொட்டிக் குளமாகிவிடும், குறைந்தால் கோடு பாதியில் உலர்ந்து போகும். முழங்கையும் தோளும் இடுப்பும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. இருபது தடவை எழுதினேன். நோட்டில் இருநூறு தடவை எழுதியும் நிற்காத எழுத்து அன்றைக்கு உடம்பில் நின்றது.

எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது என் அப்பாயிதான். விடியற்காலையில் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து கோலம் போடுவார். எனக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் இப்படித்தான். எந்தப் புள்ளியில் தொடங்குகிறாய் என்பதைத்தான் பார்ப்பார். தப்பினால் தண்ணீர் தெளித்து அழித்துவிட்டு மறுபடி போடு என்பார். அழிந்துவிடும் என்று தெரிந்ததால்தான் நான் பயமில்லாமல் கோலம் கற்றேன். மந்தாரினிலும் அதுவே நடந்தது.

அந்தத் தாத்தா தினமும் முதலில் எழுதுவது ‘யொங்’ என்ற எழுத்து. என்றென்றும் என்று பொருள். எழுத்துக்கலையின் எட்டு அடிப்படைக் கோடுகளும் அந்த ஒரு எழுத்தில் வந்துவிடும் என்பதால் எல்லோரும் அதில்தான் கை பழகுவார்கள்.

செவ்வாய்பேட்டை ஆசிரியர்

இழையை முழுக்கப் படித்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு கருத்து வேறுபாடு. அம்மா, நீங்கள் சொன்ன கதையின் அழகெல்லாம் கையில் இருக்கிறது, தோளில் இருக்கிறது, அந்தப் பெரியவர் காம்பைப் பிடித்து நிறுத்தியதில் இருக்கிறது. வண்டி ஓட்டினால் இதில் எது கிடைக்கும்? கோலக் குழாய் வந்த பிறகு எங்கள் தெருவில் கைக்கோலம் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தவன். தமிழ் எழுத்தைப் பிள்ளைகள் கையால் எழுதுவதே அருகிவரும் காலத்தில் இன்னொரு யந்திரம் எதற்கு?

தண்ணீர் பற்றியும் யோசியுங்கள். கோடையில் எங்கள் தெருவில் குழாய் முன்னால் குடம் வரிசையில் நிற்கிறது. அந்த நேரத்தில் சாலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போனால் யார் மனதுக்கும் ஒப்பாது.

ஐந்துரோடு சர்க்யூட்

ஐயா சொல்வதற்கு அக்கா பதில் சொல்லட்டும். தண்ணீர்க் கணக்கை நான் சொல்கிறேன். ஒரு புள்ளிக்கு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஆறு எழுத்துச் சொல்லுக்குச் சுமார் நானூறு புள்ளி, அரை லிட்டருக்கும் குறைவு. ஒரு குடம் தண்ணீரில் முப்பது சொல் தாராளமாக எழுதலாம். அதுவும் பாத்திரம் அலசிய தண்ணீரை வடிகட்டி ஊற்றினால் போதும்.

வண்டி பற்றி: பதினாறு வால்வு, மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. எழுத்து ஒன்றரை அடி உயரம் வரும். சீன எழுத்துக்கே பதினாறுக்குப் பதினாறு புள்ளிக் கட்டம் போதும் என்கிறபோது தமிழுக்கும் போதும். ஆனால் நமக்கு மேல்விலங்கு, கீழ்விலங்கு, சுழி எல்லாம் உண்டு. ‘கீ’க்கும் ‘மூ’வுக்கும் இடம் விட்டால் நடு உடம்புக்கு எட்டு ஒன்பது புள்ளிதான் மிஞ்சும். ‘ணை’, ‘ஞ’ இரண்டையும் அதில் வரைந்து பார்த்தேன், படிக்க முடிகிறது.

வேகம் முக்கியம். நடக்கிற வேகத்தில், மணிக்கு நாலு கிலோமீட்டர், போனால் ஒரு புள்ளியில் இருந்து அடுத்த புள்ளிக்கு 27 மில்லி விநாடிதான். மலிவான வால்வு அதற்குள் திறந்து மூடாது. பாதி வேகத்தில் உருட்ட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி வரிசையாகக் காந்தங்கள் ஒட்டி, சென்சார் வைத்து, சக்கரம் எவ்வளவு சுற்றியதோ அதற்குத் தக்கபடி சொட்ட வைத்தால் வண்டி நின்று நின்று போனாலும் எழுத்து இழுபடாது. வாஷிங் மெஷினில் இருக்கும் வால்வை யாரும் வாங்கிவிட வேண்டாம். தண்ணீர் அழுத்தம் இல்லாவிட்டால் அது திறக்காது, தொட்டியில் இருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு உதவாது. நேரடியாகத் திறக்கும் சின்ன 12 வோல்ட் வால்வு வேண்டும்.

இன்னொரு சிக்கலை நேற்று இரவு காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நாம் சாலையில் இடப்பக்கம் போகிறோம். இடப்பக்க நடைபாதையில் நிற்பவருக்கு வண்டி வலமிருந்து இடமாக நகரும். தமிழ் இடமிருந்து வலம். ஆக அவர் நேராகப் படிக்க வேண்டுமானால் வாசகத்தின் கடைசி எழுத்தின் கடைசிப் புள்ளி வரிசையில் இருந்து தலைகீழ் வரிசையில் சொட்டிக்கொண்டு வர வேண்டும். ‘சேலம்’ என்று எழுத ‘ம்’மில் தொடங்கி, ‘ல’ வந்து, கடைசியாகச் ‘சே’. வண்டி தாண்டிப் போன பிறகுதான் சொல் பிறக்கும்.

குகைவாசி

தம்பி, இதற்காகவே செய்ய வேண்டும்! கடைசியில் கொம்பு விழுந்ததும் சனம் ‘சேலம்’ என்று படிப்பதை நான் பார்க்க வேண்டும்.

ஏற்காடு மிளகு

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்காரன். ஊடுபயிர் மிளகு, அதனால் இந்தப் பெயர். எங்கே எழுதுவது என்பதைப் பற்றிச் சொல்கிறேன். சேலத்தில் ஏப்ரல் மாதம் பத்து மணிக்குத் தார்ச்சாலையில் எழுதினால் வாசகம் முடிவதற்குள் ஆவியாகிவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வந்துவிட்டால் கதை வேறு. மூடுபனி இறங்கிய காலையில் எங்கள் களத்துச் சிமெண்டுத் தரையில் கொட்டிய தண்ணீர் அரை மணி நேரமானாலும் அப்படியே கிடக்கும். காப்பிக்கொட்டை காயப் போடும் களம் அது, வழவழவென்று இருக்கும். டிசம்பர், ஜனவரி அறுவடையைத் தவிர மற்ற மாதங்களில் சும்மாதான் கிடக்கிறது. வந்து பழகிக்கொள்ளுங்கள். மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மட்டும் வராதீர்கள், வண்டி நிறுத்தவே இடம் இருக்காது.

அம்மாப்பேட்டைத் தறி

ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் சொல்வதில் பாதி சரி. யந்திரத்தால் யாரும் எழுதக் கற்க மாட்டார்கள். அந்த வண்டியைப் பார்த்து நான் ஓர் எழுத்துகூடக் கற்கவில்லை, தாத்தாவிடம்தான் கற்றேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். வீடியோவில் வண்டிக்குப் பின்னால் போகிறவர்கள் எல்லோரும் குனிந்து தரையைப் பார்க்கிறார்கள். விளம்பரப் பலகையை யாரும் அப்படிப் படிப்பதில்லை. காய்ந்துவிடும் என்பதால் இப்போதே படித்தாக வேண்டும். நம் ஊரில் ஒரு பிள்ளை தெருவில் நின்று தமிழை அந்த ஆசையோடு படிக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அது நடந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் கையில் ஸ்பாஞ்சுத் தூரிகையைக் கொடுப்பது நம் வேலை.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்வோம். முதலில் தூரிகை. மெத்தை தைக்கும் கடையில் கழிவு ஸ்பாஞ்சு கிடைக்கும், கேட்டால் சும்மாவே தருவார்கள். முக்கால் அங்குலக் குழாய் நாலு அடி. ஸ்பாஞ்சைக் கூராக வெட்டிச் செருகிக் கட்ட வேண்டும். நான் ஆறு தூரிகை செய்து கொண்டுவருகிறேன். வண்டி அதற்குப் பிறகு வரட்டும். ஐயா, நீங்கள் வந்து பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தித் தர வேண்டும். உங்களைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

செவ்வாய்பேட்டை ஆசிரியர்

வருகிறேன் அம்மா. ணகரத்துக்கு எத்தனை சுழி என்று தடுமாறுகிற பிள்ளைகளை முதல் வரிசையில் நிற்க வையுங்கள். ஒன்றரை அடி உயரத்தில் மூன்று சுழியை ஒரு தடவை சுழித்துவிட்டால் அப்புறம் மறக்காது.

ஆத்தூர் டு ஷின்ச்சு

அக்கா, நேற்று ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் நடைபாதையில் தரை துடைக்கும் மாப்பை வைத்தே ‘ஷ்வெய்’ எழுதிப் பார்த்தேன். நடுக்கோடு முதலில். ஐந்தாவது தடவை, துப்புரவு செய்யும் அம்மா வந்து மாப்பை வாங்கி, கடைசிக் கோட்டை எப்படி அழுத்தி இழுத்து விட வேண்டும் என்று எழுதிக் காட்டினார். இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன், அவரோடு பேசியது அதுதான் முதல் தடவை. எந்த ஊர் என்று கேட்டார். தேயிலையை நாங்களும் ‘தே’ என்றுதான் சொல்கிறோம் என்றேன். அவர் வீட்டில் பேசும் ஹொக்கியன் மொழியிலும் அது ‘தே’தான்!

ஐந்துரோடு சர்க்யூட்

எட்டு வால்வு வந்துவிட்டது. மீதி எட்டு அடுத்த மாதச் சம்பளத்தில். எட்டுப் புள்ளியில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் இல்லாத எழுத்து மட்டும் எழுதலாம். ‘படம்’, ‘மரம்’, ‘கடல்’ எழுதும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குகைப் பட்டறையில் சட்டத்தில் பொருத்துகிறோம்.

சூரமங்கலம் தாய்

எல்லோருக்கும் நன்றி. காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துப் பழகுவதைத் தொடங்கிவிட்டோம். அவனைவிட எனக்குச் சீக்கிரம் வருகிறது, முயல் ஓடுகிறது!

இன்று காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோலத்துக்குப் பக்கத்தில் ஈரமாக ஏதோ எழுதியிருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் துடைப்பக் குச்சியில் கட்டி அவன் எழுதிய ‘ஷ்வெய்’. பால்காரர் சைக்கிளை அதன் மேல் ஏற்றாமல் சுற்றி வந்து நிறுத்தி, “இது எத்தனை புள்ளிக் கோலம்மா?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் குகைக்கு வருகிறோம். வடிகட்டின தண்ணீர் ஒரு குடம் கொண்டுவருகிறேன்.